ஒரே 3584, இரண்டு கார்டுகள்: பழையதும் புதியதும் எங்கே வேறுபடுகின்றன?

2017 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டில் 3584 கோர்கள், அதாவது கணக்குப் போடும் சிறு அலகுகள். 2021 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டிலும் அதே 3584 கோர்கள். இரண்டும் என்விடியா நிறுவனத்தின் சரக்கு. முதலாவது 699 அமெரிக்க டாலருக்கு அறிமுகமானது, இரண்டாவது 329 டாலருக்கு. இன்றைக்குப் பழைய பொருள் சந்தையில் நிலைமை தலைகீழ். 329 டாலர் கார்டுக்குத்தான் கூடுதல் விலை கேட்கிறார்கள்.

கெடா மாநிலத்தின் பாடாங் செராய் டவுனில் பழைய கணினி வாங்கி விற்கும் ஒரு கடையில் இந்த இரண்டு கார்டும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பையன் ஒருவன், தொழிற்சாலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து நின்று கேட்டான்: "அண்ணே, ரெண்டுலயும் 3584தான் போட்டிருக்கு. பழசு வெயிட்டாவும் இருக்கு, அது அப்போ டாப் கார்டு. அப்புறம் ஏன் அது மலிவு?"

கடைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "கோர எண்ணிக்கிட்டு இருக்காத தம்பி. என்ன கேம் ஆடப் போற, எந்தப் பொட்டியில போடப் போற, அதச் சொல்லு."

பதில் சரிதான். ஆனால் ஏன் சரி என்பது ஒரு வரியில் அடங்காது.

முதலில் நல்ல செய்தி. கார்டு பழசானதால் அதன் வேகம் குறைவதில்லை. 2017-ல் ஜிடிஏ 5 விளையாட்டை ஓட்டிய வேகத்திலேயே 1080 டிஐ இன்றும் ஓட்டும், தூசி அடைத்து வெப்பப் பசை காய்ந்து போகாமல் இருந்தால். 2020-க்கு முன் வந்த விளையாட்டுகளில் இந்த இரண்டு கார்டுகளும் கிட்டத்தட்ட சமம். பல இடங்களில் பழையதே சற்று முன்னால் நிற்கும்.

காரணம், கோர் என்பது கார்டின் ஒரு பகுதி மட்டுமே. படத்தின் மேல்தோலை ஒட்டும் டெக்ஸ்சர் அலகுகள் 1080 டிஐயில் 224, 3060-ல் 112. கடைசியில் புள்ளிகளைத் திரைக்கு எழுதித் தரும் அலகுகள் பழையதில் 88, புதியதில் 48. நினைவகத்திலிருந்து தரவு வரும் வேகம் பழையதில் நொடிக்கு 484 ஜிபி, புதியதில் 360 ஜிபி. பழைய பாணி விளையாட்டுகள் இந்த அலகுகளைத்தான் அதிகம் நம்பியிருந்தன. 1080 டிஐ அந்தக் காலத்துக்காகவே, பணத்தைப் பார்க்காமல் கட்டப்பட்ட கார்டு.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கோர்கள் செம்பனை ஆலை மாதிரி, நினைவக வேகம் குலை ஏற்றி வரும் லாரிகள் மாதிரி. ஆலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் லாரி வராவிட்டால் இயந்திரம் சும்மா சுற்றும். ஆலை வாசலில் குலைகளைக் கொட்டி வைக்க அகலமான முற்றம் இருந்தால் குறைந்த லாரியிலும் வேலை தடைபடாது. அந்த முற்றத்தைத்தான் கார்டில் கேஷ் என்கிறோம். 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 செய்த வேலை இதுதான். அதன் நினைவக வேகம் நொடிக்கு 272 ஜிபி, 3060-ஐவிடக் குறைவு. கோர்களும் 3072தான். ஆனால் 3060-ல் 3 எம்பியாக இருந்த இரண்டாம் நிலைக் கேஷ் 4060-ல் 24 எம்பி. சில்லு ஓடும் வேகமும் கூடியது. எல்லா எண்ணும் குறைவாகத் தெரிந்த கார்டு, பெரும்பாலான விளையாட்டுகளில் 3060-ஐ முந்தியது. அதுவும் 170 வாட்டுக்குப் பதில் 115 வாட்டில்.

ஆக, ஒரு தலைமுறைக் கோரை இன்னொரு தலைமுறைக் கோரோடு நேரடியாக எண்ணி ஒப்பிட முடியாது. இதற்கு இன்னும் தெளிவான சாட்சி 2018-ன் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயும் 2020-ன் ஆர்டிஎக்ஸ் 3070-உம். முன்னதில் 4352 கோர்கள், பின்னதில் 5888. எண்ணிக்கையில் 35 விழுக்காடு கூடுதல். விளையாடிப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. 3060, 3070 அடங்கிய 3000 வரிசையில் தசமக் கணக்குப் போடும் அலகுகளை இரட்டிப்பாக்கி எண்ணினார்கள். அவற்றில் பாதி, முழு எண் கணக்கு வரும்போது அந்த வேலைக்கு இழுக்கப்படும். அட்டைப்பெட்டியில் அச்சிடும்போது இந்த விவரம் இருக்காது.

கோர் எண்ணிக்கையாவது பரவாயில்லை, பெயரே ஏமாற்றும். ஜிடி 1030 என்று இரண்டு கார்டுகள் உண்டு. 2017-ல் வந்ததன் நினைவக வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018-ல் அதே பெயரில் மலிவான டிடிஆர்4 நினைவகத்தோடு வந்ததில் 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு! ஜிடிஎக்ஸ் 1060-ல் 6 ஜிபி வாங்கினால் 1280 கோர்கள், 3 ஜிபி வாங்கினால் நினைவகம் மட்டுமல்ல, கோரும் 1152 ஆகக் குறையும். என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580-ல் 2304 அலகுகள் இருக்க வேண்டும். சீனச் சந்தைக்காக 2048 அலகுகளோடு ஒன்று வந்தது, உள்ளே பார்த்தால் அது ஆர்எக்ஸ் 570. ஷோப்பி இணையக் கடையில் மிக மலிவாக 580 என்று பார்த்தால் விவரத்தில் 2048 என்ற எண் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது நல்லது. 570 மோசமான கார்டு அல்ல. 580 விலை கொடுத்து அதை வாங்குவதுதான் மோசம்.

புதியது என்பதாலேயே வேகம் கூடும் என்பதும் பொய். 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என் கணக்கில் அந்த ஆண்டின் மோசமான கார்டுகளில் ஒன்று. 4 ஜிபி நினைவகம், மதர்போர்டோடு பேச நான்கே தடங்கள். அந்த நான்கு தடமும் கார்டைச் செருகும் பிசிஐ ஸ்லாட் நான்காம் தலைமுறையாக இருந்தால் ஒருவாறு சமாளிக்கும். நம் பக்கத்து வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மூன்றாம் தலைமுறை ஸ்லாட். அங்கே தடங்களின் வேகம் பாதியாகி, 2017-ன் ஆர்எக்ஸ் 580 பல விளையாட்டுகளில் அதை முந்திவிடும். வீடியோ பதிவு செய்யும் வன்பொருளைக்கூட அதிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, அப்படியென்றால் 1080 டிஐ ஏன் மலிவு?

வேகத்தால் அல்ல, தெரியாத வேலைகளால். 2018-ல் ஆர்டிஎக்ஸ் 2000 வரிசை வந்தபோது ஒளிக்கதிர் எப்படிப் பாயும் என்று கணக்குப் போடத் தனி அலகு, செயற்கை நுண்ணறிவுக் கணக்குக்குத் தனி அலகு என்று இரண்டு சேர்ந்தன. முதலில் அவை அலங்காரம் போலத்தான் இருந்தன. கண்ணாடியில் பிரதிபலிப்பு தெரிய வேகத்தைப் பாதியாக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் விளையாட்டு செய்பவர்களுக்கு அந்த ஒளிக்கதிர் அலகு பெரிய வசதி. கையால் விளக்குகளை வைத்து நிழலை வரைந்து மாதக்கணக்கில் மெனக்கெட வேண்டாம், கார்டே கணக்குப் போட்டுக்கொள்ளும். அதனால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டும் 2025 மே மாதம் வந்த டூம் த டார்க் ஏஜஸும் அந்த அலகு கட்டாயம் வேண்டும் என்று அறிவித்தே வந்தன. அங்கே 1080 டிஐயின் 484 ஜிபிக்கு மதிப்பே இல்லை. மெதுவாக ஓடும் என்பதல்ல, ஆட்டத்துக்கே தகுதியில்லை.

அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. 2023 அக்டோபரில் வந்த ஆலன் வேக் 2, மெஷ் ஷேடர் என்ற புதிய முறையில் உருவங்களை அடுக்கியது. 1080 டிஐ அடங்கிய 1000 வரிசைக்கு அந்த முறை தெரியாது. விளையாட்டு ஓடியது, ஆனால் 1080 டிஐ மிகவும் திணறியது. சில மாதம் கழித்து வந்த திருத்தம் ஓரளவு காப்பாற்றியது. ஒரே 3584 கோர், ஒரே விளையாட்டு, ஆனால் 3060 எங்கோ முன்னால் போய்விட்டது.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இன்னொரு கணக்கு. 1000 வரிசைக்கும் அதற்கு முந்தைய 900 வரிசைக்கும் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. 1080 டிஐக்கு எட்டரை ஆண்டு முழு ஆதரவு கிடைத்தது என்று பார்த்தால் அது தாராளம்தான். ஆனால் இன்று வாங்குபவருக்கு அந்த எட்டரை ஆண்டால் பயனில்லை, அது முதல் சொந்தக்காரர் அனுபவித்த காலம்.

இங்கே 3060-க்கு இன்னொரு பலமும் உண்டு. விளையாட்டைச் சிறிய அளவில் வரைந்து, செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் அதில் ஓடும். 1080 டிஐயில் ஓடாது. ஏஎம்டி 2021-ல் வெளியிட்ட எஃப்எஸ்ஆர் எந்தக் கார்டிலும் ஓடக்கூடியது. போட்டி நிறுவனம் கொடுத்த இந்த வசதிதான் என்விடியாவின் பழைய கார்டுகளுக்கு இன்னும் சில ஆண்டு உயிர் கொடுத்தது. முதல் பதிப்பின் தரம் சுமார்தான், இருந்தாலும் சும்மா கிடைத்ததைக் குறை சொல்லக்கூடாது.

இதன் அடுத்த கட்டம்தான் இப்போது ஒப்பீடுகளையே குழப்பியிருக்கிறது: இல்லாத ஃபிரேமை உண்டாக்குவது. (திரையில் நொடிக்குப் பலமுறை மாறும் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்.) 2022-ல் 4000 வரிசையோடு வந்த முறையில், கார்டு உண்மையாக வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைத் தானே கற்பனை செய்து நுழைக்கும். 2025-ல் 5000 வரிசை வந்தபோது நடுவே மூன்று வரை நுழைக்க முடிந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-க்கு நிகர் என்று சொன்னது இந்தக் கற்பனை ஃபிரேம்களையும் எண்ணித்தான். 4090-ல் 16384 கோர்களும் 24 ஜிபி நினைவகமும் உண்டு. 5070-ல் 6144 கோர்கள், 12 ஜிபி. உண்மையாக வரையும் வேகத்தில் 5070 அதன் பக்கத்தில் வரவே இல்லை.

கற்பனை ஃபிரேம் கண்ணுக்கு வழுவழுப்பைத் தரும், கைக்கு எதுவும் தராது. நீங்கள் மவுஸை அசைத்தது உண்மை ஃபிரேமில்தான் தெரியும். நடுவில் ஒன்றை நுழைக்க வேண்டுமானால் அடுத்த உண்மை ஃபிரேமைச் சற்று நிறுத்திப் பிடித்து வைக்க வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி. 30 உண்மை ஃபிரேமை 60 ஆகக் காட்டினால் பார்வைக்கு 60, ஆனால் கைக்கு 33 மில்லிநொடி இடைவெளி, அதோடு பிடித்து வைத்த தாமதமும் சேரும். ஏற்கெனவே 70, 80 ஓடும் கார்டில் இது நல்ல வசதி. திணறும் கார்டைக் காப்பாற்றும் மருந்து என்று விற்றால் அது ஏமாற்று வேலை. ஆகவே பழையதையும் புதியதையும் ஒப்பிடும் படத்தில் இந்த வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

சராசரி ஃபிரேமை மட்டும் பார்ப்பதும் போதாது. மிக மெதுவான ஒரு விழுக்காட்டு ஃபிரேம்களின் வேகத்தையும் பார்க்க வேண்டும். நினைவகம் போதாத கார்டு மாட்டிக்கொள்வது அங்கேதான். 4060 போன்ற கார்டின் 8 ஜிபி நிரம்பி வழிந்தால் மிச்சத் தரவு கணினியின் ரேமுக்குப் போகும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டின் முழுப் பதினாறு தடங்களிலும் நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபிதான் போய் வரும். எட்டுத் தடம் மட்டும் உள்ள 4060-ல் அதிலும் பாதி. கார்டுக்குள் 272, வெளியே 8. சராசரி 60 என்று காட்டும், திரும்பும்போதெல்லாம் படம் ஒரு வெட்டு வெட்டும். 12 ஜிபி உள்ள 3060 சில புதிய விளையாட்டுகளில் 4060-ஐ அமைதியாக முந்துவது இதனால்தான். பழைய ஸ்லாட் உள்ள கணினிக்கு இரண்டில் ஒன்று என்றால் நான் 3060-ஐத்தான் எடுப்பேன்.

கடைக்காரர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருவோம்: எந்தப் பெட்டி? தாமான் வீடுகளிலும் தோட்டத்து வரிசை வீடுகளிலும் இருக்கும் கணினிகளில் கணிசமானவை அலுவலகங்கள் கழித்துவிட்டவை. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம், 250 வாட் சுற்றுவட்டாரத்தில் ஒரு பவர் சப்ளை, கார்டுக்குத் தனி மின்கம்பி கிடையாது. இதில் 250 வாட் இழுக்கும் 1080 டிஐயைப் போடுவது நடக்காத காரியம். 170 வாட் 3060-உம் அப்படித்தான். ஸ்லாட் மட்டும் தரக்கூடியது 75 வாட். அந்த எல்லைக்குள் நிற்கும் கார்டுகளைத்தான் ஒப்பிட வேண்டும்.

தலைமுறை முன்னேற்றம் சுத்தமாகத் தெரிவதும் அங்கேதான். 2014-ன் ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட், 640 கோர், பெரும்பாலும் 2 ஜிபி. 2016-ன் 1050 டிஐ 75 வாட், 768 கோர், 4 ஜிபி. 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, 70 வாட், 2304 கோர். கடைசி இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் வேகம் ஏறக்குறைய இரு மடங்கு, மின்சாரம் 5 வாட் குறைவு, டிஎல்எஸ்எஸ்ஸும் உண்டு. ஆனால் இதே 3050 பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்று 2022-லேயே வந்தது. அது 130 வாட், மின்கம்பி வேண்டும், வேகமும் கூடுதல். மறுபடியும் பெயர்க் குழப்பம்.

பழைய ஐ5 இருக்கும் பெட்டியில் பல சமயம் கார்டுக்கு முன்பே ப்ராசசர் மூச்சு வாங்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. விளையாட்டின் திரை ரெசல்யூஷனை 1080பி-லிருந்து 720பி-க்கு இறக்குங்கள். ஃபிரேம் ஏறினால் கார்டுதான் தடை. ஏறாமல் அங்கேயே நின்றால் புதிய கார்டு வாங்கியும் பிரயோஜனம் இல்லை. இன்டெல் ஆர்க் கார்டுகளில் இது இன்னும் கடுமை. 2024 டிசம்பரில் வந்த பி580, 249 டாலருக்கு 12 ஜிபி என்று எல்லோரும் பாராட்டிய கார்டு. பழைய ப்ராசசரோடு சேர்த்தால் அதன் டிரைவர் ப்ராசசரை அதிகம் வேலை வாங்குவதால் வேகம் சரிகிறது. கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசசர் ஒரே வீச்சில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத பழைய மதர்போர்டில் அதைப் போடவே கூடாது. 1972-லிருந்து பினாங்கில் ஆலை வைத்திருக்கும் இன்டெலின் கார்டு, பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம் பெட்டிகளுக்கு ஒத்துவரவில்லை. அந்தச் சில்லைச் செய்வதும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனம்தான் என்பது தனிக் கதை.

வெப்பம் பற்றி ஒப்பீட்டு அட்டவணைகள் பேசுவதில்லை. அவை குளிரூட்டிய அறையில் எடுக்கப்பட்டவை. தகரக் கூரை வீட்டில் பிற்பகல் மூன்று மணிக்கு அறையே 33 டிகிரி. அறை 10 டிகிரி கூடினால், அதே விசிறி வேகத்தில், கார்டும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி கூடும். 1080 டிஐ 84 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 250 வாட் வெப்பத்தை வெளியேற்றும் கார்டுக்கு இது 115 வாட் கார்டைவிடப் பெரிய பிரச்சினை. மின்கட்டணத்தைப் பொறுத்தவரை பயம் தேவையில்லை. 1080 டிஐக்கும் 3060-க்கும் 80 வாட் வித்தியாசம், தினம் நான்கு மணி நேரம் ஆடினால் மாதம் பத்து யூனிட்டுக்கும் குறைவு, ஐந்து ரிங்கிட் சுற்றுவட்டாரம்.

கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனிங் வேலையில் ஓடிய கார்டு என்றால் பலர் அலறுகிறார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியபின் மைனிங்கில் ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. (2021-ல் சரவாக்கின் மிரியில் காவல்துறை ரோட்ரோலர் விட்டு நசுக்கிய 1,069 இயந்திரங்கள் பிட்காயினுக்கென்றே செய்தவை, கார்டுகள் அல்ல.) சில்லு அவ்வளவு சீக்கிரம் தேயாது. தேய்வது விசிறி, காய்வது வெப்பப் பசையும் நினைவகத்தின் மேல் ஒட்டிய பட்டைகளும். பசை மாற்றினால் பல கார்டுகள் பத்து டிகிரிவரை இறங்கும்.

கடையில் வாங்குவதாக இருந்தால் அங்கேயே கார்டைப் போட்டு ஜிபியு-இசட் திறக்கச் சொல்லுங்கள், கார்டின் விவரங்களைக் காட்டும் இலவச மென்பொருள்தான். பழைய 550 டிஐ கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று விற்ற போலிகளை அது கண்டுபிடித்துப் பெயரோடேயே போலி என்று காட்டும். கோர் எண்ணிக்கை, நினைவக வகை, பஸ் அகலம் (நினைவகத்துக்குப் போகும் பாதையின் அகலம்) மூன்றையும் பெட்டியில் எழுதியதோடு சரிபாருங்கள். அப்புறம் கனமான சோதனை ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் சில்லின் வேகம் முதல் பத்து நிமிடத்தைவிட எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட விற்பவர் தயங்கினால் அந்தக் கார்டை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.